நம் ஓய்வைச் சுமப்பவர்கள்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கும் நாட்கள் இவை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாளே மலைக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. முன்பு கொடைக்கானலுக்கோ உதகைக்கோ போனால் ஒரு விடுதியில் இரண்டு அறைகள் எடுத்துத் தங்கி வருவோம். இப்பொழுது வழக்கம் மாறியிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றை முழுவதுமாக வாடகைக்கு எடுத்து, அண்ணன் தம்பி, அக்கா தங்கை குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு நாட்கள் தங்குகிறார்கள். கணப்பும் மரத்தளமும் பழைய ஓட்டுக்கூரையும் உள்ள வீடு என்றால் வாடகை இன்னும் கூடுகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளோ ஆல்ப்ஸ் மலையில் ‘ஷாலே’ என்னும் பழைய மரவீட்டை ஒரு வாரத்துக்கு அமர்த்திக்கொண்டு பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்கள். அந்தப் படங்கள் அன்றைக்கே பாளையங்கோட்டையில் இருக்கும் தாத்தா பாட்டியின் கைப்பேசிக்கு வந்து சேருகின்றன.

இதைக் குறித்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. “ஐயா, இவ்வளவு பணம் கொடுத்து இப்படிப் போய்த் தங்குவது விசுவாசிக்குத் தகுமா?” என்பார்கள். சிலர் தங்கள் மனச்சாட்சி உறுத்துவதால் கேட்கிறார்கள். சிலர் அடுத்த வீட்டாரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இரு சாராருக்கும் என் பதில் ஒன்றுதான். போகலாம். கடன் வாங்காமல் போக முடியுமானால் மகிழ்ச்சியோடு போகலாம். எவ்வளவு செலவாயிற்று என்பதல்ல முதற்கேள்வி. நாம் ஓய்வெடுப்பதற்காக வேறு யாருடைய ஓய்வு பறிபோகிறது என்பதே முதற்கேள்வி. அந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இந்த வாரம் அதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஓய்வு பாவமல்ல என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார் (1 இராஜாக்கள் 19). சாப்பிடவும் நேரமில்லாமல் உழைத்துத் திரும்பிய சீஷர்களை நம் ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்துப் போனார் (மாற்கு 6). ஆண்டு முழுவதும் பள்ளியிலும் வங்கியிலும் கடையிலும் மருத்துவமனையிலும் உழைக்கிறவர்கள் சில நாட்கள் குளிர்ந்த காற்றில் இளைப்பாற விரும்புவதில் குறை காண எனக்கு மனமில்லை. சித்திரை வெயிலைத் தாங்கிய திருநெல்வேலிக்காரனுக்கு மார்கழிக் குளிர் ஒரு வரப்பிரசாதம்.

ஆனால் நாம் வாடகைக்கு எடுக்கும் அந்தப் பழைய வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்காகவே அதிக வாடகையும் கொடுக்கிறோம். அப்படியானால் அது என்ன வரலாறு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயந்தானே?

ஷாலே என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சு மொழி பேசும் சுவிட்சர்லாந்து மலைமக்களின் சொல் அது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வெந்நீர்த் தொட்டியும் மெத்தைவிரித்த அறைகளும் உள்ள ஆடம்பர வீடு நினைவுக்கு வருகிறது. ஆதியில் அது மாட்டிடையரின் குடில். கோடைக்காலத்தில் மாடுகளை மலைமேல் இருக்கும் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். அங்கே தங்கிப் பால் கறந்து, பாலாடைக்கட்டி செய்து, குளிர் தொடங்கும்போது கீழே இறங்கி வருவார்கள். குளிர்காலத்தில் அந்தக் குடில் ஆளில்லாமல் பனியில் மூடிக் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுப் பயணிகள் ஆல்ப்ஸ் மலைக்கு வரத் தொடங்கினார்கள். நார்வே நாட்டாரின் பனிச்சறுக்கும் அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கே பரவிற்று. யாரும் தங்காத குளிர்காலமே இப்பொழுது வருமானம் மிகுந்த காலமாயிற்று. உழைப்பின் குடில் ஓய்வின் மாளிகையாயிற்று.

அதனால் மலைக்கிராமங்களுக்கு வருமானம் வந்தது உண்மை. அதனோடு ஒரு துன்பமும் வந்தது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறக்கப்படும் விடுமுறை வீடுகள் பெருகியதால் நிலத்தின் விலை ஏறிற்று. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த இளைஞருக்கு அந்த ஊரிலேயே வீடு கிடைப்பது அரிதாயிற்று. 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுவிட்சர்லாந்து மக்கள் இதைக் குறித்து வாக்களித்தார்கள். எந்த ஊராட்சியிலும் விடுமுறை வீடுகள் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற தீர்மானம் சிறிய பெரும்பான்மையில் வெற்றி பெற்றது. சுற்றுலாவினால் செழித்த நாடே, விருந்தினரின் ஓய்வுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று முடிவு செய்தது.

இனி நம் நாட்டு மலைக்கு வருவோம். கொடைக்கானலில் நாம் வாடகைக்கு எடுக்கும் பழைய பங்களாக்களின் வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனெரிகளைக் காலராவும் காய்ச்சலும் வாட்டின. தங்கள் வாழ்க்கைத் துணைகளையும் கைக்குழந்தைகளையும் அவர்கள் மதுரை மண்ணில் அடக்கம் செய்தார்கள். உயிர் தப்ப ஒரு மலையிடம் வேண்டும் என்று தேடினார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. பின்பு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு ஏறி, 1845-ஆம் ஆண்டு இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஒன்றுக்கு ‘சன்னிசைடு’ என்றும் மற்றொன்றுக்கு ‘ஷெல்டன்’ என்றும் பெயர். இன்றைய கொடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்ததுதான். ஆடம்பரத்துக்காக அல்ல, கல்லறைகளைக் கண்ட அச்சத்தினால் கட்டப்பட்ட வீடுகள் அவை. அந்த மிஷனெரிகளை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீடுகளுக்கு அவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். மோட்டார் சாலை வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு சமவெளியில் மாட்டுவண்டியில் வந்து, பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் குதிரையிலும் டோலியிலும் ஏறுவார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நம் மக்கள். துரைசானிகளையும் பிள்ளைகளையும் மட்டுமல்ல, பெட்டிகளையும் மேசை நாற்காலிகளையும் அரிசி மூட்டைகளையும் அவர்களே சுமந்தார்கள். அந்த மலையும் வெறுமையாக இருக்கவில்லை. பளியர்களும், பூம்பாறை, வில்பட்டி போன்ற மலைக்கிராமத்தாரும் அங்கே ஏற்கெனவே வாழ்ந்து வந்தார்கள். கல் உடைத்தவர், மரம் அறுத்தவர், டோலி தூக்கியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பங்களாவின் வாயிற்பலகையிலும் இல்லை.

நம் அத்தியட்சராயிருந்த கால்டுவெல் ஐயரை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நடந்தே வந்து 1841-ஆம் ஆண்டு இடையன்குடியில் ஊழியத்தைத் தொடங்கியவர் அவர். தேரிமணல் சூழ்ந்த அந்தச் சீமையின் வெயிலில் அரை நூற்றாண்டு உழைத்தார். முதுமையில் ஓய்வுபெற்றுக் கொடைக்கானலுக்குப் போய், 1891-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் அங்கே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மோட்டார் சாலை இல்லாத அக்காலத்தில் அந்த உடலை மலையிலிருந்து இறக்கியவை மனிதரின் தோள்களே. கால்டுவெல்லின் கல்லறை நமக்குத் தெரியும். அந்தத் தோள்களுக்கு உரியவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது.

இதற்குக் கொடைக்கானல் வரை போக வேண்டியதும் இல்லை. நம் வீட்டு மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைகளிலேயே இந்தக் கதை இருக்கிறது. மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கும் மாஞ்சோலையைத்தான் சொல்கிறேன். சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரிய 8,374 ஏக்கர் காட்டை 1929-ஆம் ஆண்டு பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் பரவின. தோட்டத்தில் இரண்டு வகை வீடுகள் உண்டு. மேட்டில் காற்றோட்டமான பங்களா, அது மேலாளருக்கு. கீழே வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள். அவை கொழுந்து பறிப்போருக்கு. பங்களாவைப் படம் எடுக்கிறவர்கள் பலர். லயன் வீட்டை யாரும் ‘பாரம்பரிய வீடு’ என்று அழைப்பதில்லை. இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாளைத் திருநெல்வேலியில் வாழ்கிற நாம் மறக்க முடியாது. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்ட தோழர்களை விடுவிக்கக் கேட்டும் மாஞ்சோலைத் தொழிலாளரும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். காவல்துறையின் தடியடிக்குத் தப்பத் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அவர்களுள் அடங்குவர். இன்றும் ஜூலை 23 அன்று அந்த ஆற்றில் மலர் தூவுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குத்தகை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளருக்கு வேலை முடிந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு இறங்கும் நிலை வந்தது. குத்தகை நிலத்தில் நிற்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும். ‘ஓய்வு’ என்ற நல்ல சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரியமானவர்களே, இவ்வளவையும் நான் சொல்வது உங்கள் விடுமுறையைக் கசப்பாக்குவதற்காக அல்ல. வேதம் ஓய்வைப் பற்றிப் பேசும் முறை வேறு என்பதைக் காட்டுவதற்காகவே சொல்கிறேன்.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-இலோ வேறொரு காரணம் சொல்லப்படுகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினைவில் வை என்கிறது அந்தப் பகுதி. மாடும் கழுதையும் ஊர்வாசலுக்குள் இருக்கும் அந்நியனும்கூட அந்தக் கட்டளைக்குள் அடக்கம். ஆக, எஜமான் மட்டும் படுத்துக்கொண்டு, ஏழாம் நாளும் வேலைக்காரன் அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஓய்வுநாள் ஆசரிக்கப்படவில்லை. ஒருவர் மட்டும் எடுக்கும் ஓய்வை அந்தக் கட்டளை ஓய்வாகவே எண்ணுவதில்லை.

அடுத்த அதிகாரத்தில் இன்னொரு எச்சரிப்பும் உண்டு. நீங்கள் கட்டாத வீடுகளில் குடியேறுவீர்கள், வெட்டாத கிணற்றில் தண்ணீர் குடிப்பீர்கள், நடாத திராட்சத்தோட்டத்தின் பலனைப் புசிப்பீர்கள். அப்பொழுது மறந்துபோகாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்பது அதன் கருத்து. பழைய பங்களாவில் கணப்பருகே உட்கார்ந்திருக்கும் ஒருவர் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. நாம் கட்டாத வீடு அது. மறதிதான் அங்கே நமக்குள்ள சோதனை.

சரி, டோலி தூக்கியவர்கள் போய்விட்டார்களே, இன்றைக்கு யார் நம்மைச் சுமக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான்கு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் வண்டி ஓட்டி வந்தவர். நம் சபையிலேயே வாடகை வண்டி ஓட்டும் சகோதரர்கள் உண்டு. டிசம்பர் மாதக் கொடைக்கானலில் புல்லின்மேல் உறைபனி படியும். அந்த இரவில் குடும்பத்தார் கம்பளிக்குள் உறங்க, ஓட்டுநர் வண்டியின் சாய்ந்த இருக்கையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுத்திருப்பார். காலையில் வெந்நீருக்கும் கழிப்பறைக்கும் பேருந்து நிலையம் தேடிப் போவார். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஏற்படுத்த வேண்டும் என்றது. தனிவீடாக வாடகைக்கு விடப்படும் பழைய பங்களாவில் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் வாடகைக்கு எடுக்கும் நாம்தான்.

இரண்டாமவர் அந்த வீட்டைக் காக்கிறவரும் அங்கே சமைக்கிறவரும். பெரும்பாலும் அவர்கள் கணவனும் மனைவியுமாயிருப்பார்கள். பங்களாவின் பின்புறத்தில் ஓர் அறையில் குடியிருப்பார்கள். நாம் இரவு பதினொரு மணிக்குத் தேநீர் கேட்போம். அவர்களோ காலை ஐந்து மணிக்கு விறகு கொண்டு வர வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று நமக்கு விடுமுறை வரும் நாளெல்லாம் அவர்களுக்கு வேலை கூடும் நாள். மலையில் இருக்கும் சபைகளில் இவர்களும் அங்கத்தினர்களே. நம் பண்டிகை அவர்களுக்கும் பண்டிகைதான்.

மூன்றாமவர் நம்மை மகிழ்விக்க உடலை வருத்துகிறவர். காஷ்மீரத்துக் குல்மர்குக்குப் பனி பார்க்கப் போகும் குடும்பங்கள் இன்று நம் ஊரிலும் உண்டு. அங்கே மரத்தால் செய்த சறுக்குவண்டியில் பயணிகளை உட்காரவைத்து, முழங்கால் அளவு பனியில் கயிற்றால் இழுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்துச் சில மாத வருமானத்தில் அவர்கள் குடும்பம் வாழ வேண்டும். அவர்களிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வென்றதை ஊருக்கு வந்து பெருமையாகச் சொல்லும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

நான்காமவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். முழு வீட்டை வாடகைக்கு எடுத்தால் நாமே சமைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று அரிசி, பருப்பு, இட்லிப் பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏற்றுகிறோம். பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை சமைப்பது யார்? அம்மாவும் மருமகளும் அக்காவும்தான். ஏரியைச் சுற்றிப் படகில் போனவர்கள் திரும்பி வந்து “சாப்பாடு ஆயிற்றா?” என்பார்கள். வீட்டு அடுப்பை விட்டுப் பங்களா அடுப்புக்கு மாறியதைத் தவிர அந்தப் பெண்களுக்கு என்ன விடுமுறை? வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும் என்று கட்டளையிட்ட தேவன் தாயின் ஓய்வைக் கணக்கில் எடுக்க மாட்டாரா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. “நாங்கள் பணம் கொடுக்கிறோமே. நாங்கள் போகாவிட்டால் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை” என்பார்கள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை நகரங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் விருந்தினரை நம்பி வாழ்கின்றன. ஆனால் பங்களாவுக்கு நாம் கொடுக்கும் வாடகை பெரும்பாலும் வீட்டுக்கு உரியவருக்கும் இணையதள இடைத்தரகருக்கும் போகிறது. சமைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று நாம் கேட்டதுண்டா? பணம் கொடுத்ததனால் கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதற்கு வேதம் இடங்கொடுக்கவில்லை. தாவீது ராஜா பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டபோது மூன்று வீரர்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் போய் அதைக் கொண்டு வந்தார்கள். அந்தத் தண்ணீரில் அவர்களுடைய இரத்தத்தைக் கண்ட தாவீது அதைக் குடிக்கவில்லை. கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார் (2 சாமுவேல் 23). தன் ஆசைக்காகப் பிறர் கொடுத்த விலையை ராஜா கண்டுகொண்டார். அந்தக் கண்பார்வை நமக்கும் வேண்டும்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைக்கு ஆட்கள் குறைகிறார்கள் என்பதற்காகப் போதகர் இப்படி எழுதுகிறார் என்று யாரும் எண்ண வேண்டாம். மலையிலும் ஆலயங்கள் உண்டு. அங்கே போய் ஆராதியுங்கள். உங்களுக்குச் சமைத்துப் போடுகிற குடும்பத்துக்கும் அந்த நேரத்தில் ஆலயத்துக்குப் போக விடுதலை கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி, இந்த விடுமுறைக்கு வீடு பிடிக்கப் போகிறவர்கள் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். எதுவும் பெரிய தியாகம் அல்ல. முன்பணம் செலுத்தும் முன்பே, ஓட்டுநருக்குப் படுக்கை, போர்வை, வெந்நீர் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள், அல்லது அருகில் அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். பல விருந்தினர் இதைக் கேட்கத் தொடங்கினால் வீட்டுக்காரர்கள் அறை கட்டுவார்கள். சமையல் செய்கிறவருக்கு ஞாயிறு காலையும் ஒரு மாலைவேளையும் ஓய்வு என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அந்த வேளைக்கு வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம். கொடுக்க விரும்பும் தொகையை உரியவரின் கையிலேயே கொடுங்கள். நாமே சமைப்பதானால் ஆண்களும் முறைவைத்துச் சமையலறைக்குள் போகட்டும். பாத்திரம் கழுவுவதில் கௌரவம் குறைந்துவிடாது. சீஷரின் கால்களைக் கழுவியவரைத்தானே நாம் பின்பற்றுகிறோம்?

மலைக்கும் ஓய்வு வேண்டும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு கோடைக்காலத்துக்கு அந்த நீதிமன்றம் ஓர் எண்ணிக்கையையும் வகுத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, வார இறுதியில் 8,000. இதைச் சிலர் தொல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். தேசமும் ஏழாம் வருஷத்தில் ஓய்ந்திருக்க வேண்டும் என்று லேவியராகமம் 25-இல் வாசிக்கிற நமக்கு இது புதிய கருத்து அல்ல. விருந்தினர் குளிக்கும் தண்ணீரும் மலைக்கிராமத்தார் குடிக்கும் தண்ணீரும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்பவரை நினைத்துக் குழாயைத் திறப்போம்.

மலைக்குப் போக வசதியில்லாதவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. நம் வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும் சகோதரிக்கு மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு? அந்த விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கிறோமா? பங்களாவுக்குச் சொன்னது நம் வீட்டு அடுக்களைக்கும் பொருந்தும்.

சபைக்கும் பொருந்தும். அட்வெந்து தொடங்கிப் புத்தாண்டு வரை ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்து, நாற்காலி அடுக்கி, நாம் எல்லாரும் வீட்டுக்குப் போனபின் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும் ஊழியர் நமக்கு உண்டு. நம் பண்டிகையைச் சுமக்கிறவர் அவர். வருகிற ஜனவரியில் அவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் ஒரு வாரம் சம்பளத்தோடு விடுப்பும், போய்வரும் செலவும் கொடுக்க வேண்டும் என்று சபைக் கமிட்டியில் முன்மொழியப் போகிறேன். அந்த வாரத்தில் ஆலயத்தைப் பெருக்க முறைவைத்துப் பெயர் கொடுக்கும்படி வாலிபர் சங்கத்தாரையும், இந்த ஆண்டு மலைக்குப் போய்வந்த குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறேன். கமிட்டி கூடுவதற்கு முன்பு உங்கள் பெயர்களை என்னிடம் சொல்லுங்கள்.

இரக்கமுள்ள பிதாவே, ஓய்வை எங்களுக்கு ஈவாகத் தந்தீர். அதை நாங்கள் மட்டும் வைத்துக்கொள்ளாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். பயணம் போகிறவர்களைப் பத்திரமாய்ப் போய்வரச் செய்யும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நல்ல உறக்கத்தைத் தாரும். வீட்டை விட்டு இறங்கியவர்களுக்கு வீட்டைக் கட்டளையிடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்